அம்மாவுக்கு மூட்டத் தெரியாத அடுப்பு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குசினிக்குச் சட்டதிட்டம் வந்தது. அதற்கு முன்னர் அம்மா சொன்னதுதான் அங்கே சட்டம். மூன்று கல், நடுவில் நெருப்பு, பக்கத்தில் ஊதுகுழல், கூரை முழுக்கக் கரி. அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. நோர்வேயிலிருந்து மாமா வந்து குசினி வாசலில் நின்று நாலைந்து தரம் இருமிய பிறகுதான் எங்கள் வீட்டில் புகை இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரிய வந்தது.

மாமா அம்மாவின் ஒரே அண்ணன். அம்மாவுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது வெளிநாடு போனவர். சண்டை நின்று பாதை திறந்த பிறகு, பதினைந்து வருடம் கழித்து, மூன்று கிழமை, இருபத்தொரு நாள் விடுமுறையில் இரணைமடுக் குளத்துக்குக் கிட்ட இருந்த எங்கள் காணிக்கு வந்து சேர்ந்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று மாமி அங்கேயே நின்றுவிட்டார்.

முதல் இரண்டு நாளும் வீடு கலியாண வீடு மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் சனம் குறைந்தபோதுதான், அம்மாவுக்கும் மாமாவுக்கும் கதைக்க ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. "சாப்பிடுங்கோ அண்ணை" என்று அம்மா சொல்வார். "நீ சாப்பிட்டிட்டியோ" என்று மாமா கேட்பார். பிறகு இரண்டு பேரும் முற்றத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அண்ணன் தங்கச்சி என்றால் அடிபட வேண்டும், குறைந்தது வாய்காட்டவாவது வேண்டும் என்று நினைத்திருந்த எனக்கு அவர்களைப் பார்க்க ஏதோ இரண்டு பள்ளிக்கூட அதிபர்கள் கூட்டத்துக்கு வந்திருப்பது போல இருந்தது.

அப்படி இருந்த ஒரு காலையில்தான் மாமா குசினி வாசலுக்கு வந்து இருமினார். மாரி முடிந்த கையோடு விறகெல்லாம் ஈரம். அம்மா ஒரு கையால் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறு கையால் ஊதுகுழலைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, நீ நெடுக உந்தப் புகைக்குள்ளையே சமைக்கிறனி?"

"வேறை எங்கை அண்ணை சமைக்கிறது?" என்றார் அம்மா.

மாமா போய்த் தன் பேர்சிலிருந்து ஒரு படத்தை எடுத்து வந்தார். அதில் மாமா ஒரு தடித்த கம்பளிச் சட்டையோடு கதிரையில் இருந்தார். அவருக்குப் பின்னால் சுவருக்குள் ஒரு இரும்புப் பெட்டி பதிக்கப்பட்டிருந்தது. பெட்டிக்குக் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் நெருப்பு, அலுமாரிக்குள் அடுக்கிவைத்த சாமான் போல ஒழுங்காக எரிந்துகொண்டிருந்தது. அங்கே பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்குவது அதுதான் என்றும், வீட்டுக்குள் ஒரு பொட்டுப் புகை வராது என்றும் மாமா சொன்னார்.

அப்பா படத்தை வாங்கி நிறைய நேரம் பார்த்தார். "மச்சான், எங்களுக்கு வீட்டைச் சூடாக்க அடுப்புத் தேவையில்லை. சித்திரையிலை ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார்.

ஆனால் மாமா முடிவெடுத்துவிட்டார். தங்கச்சிக்கு ஒரு புகையில்லாத அடுப்புக் கட்டித் தராமல் நோர்வேக்குத் திரும்புவதில்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அம்மா வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் வழக்கத்தை விட ஒரு கறி கூட இருந்தது.

பெரிய வீதிக்குத் தார் போடும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. வீதியோரம் கிடந்த வெற்றுத் தார்ப் பரல் பீப்பாய் ஒன்றை அப்பா கேட்டு வாங்கி வந்தார். கிளிநொச்சியில் ஒரு வெல்டிங் கடையில் அதை வெட்டி, கதவு வைத்து, மேலே இரண்டு சட்டி வைக்க இரண்டு வட்டம் எடுத்தார்கள். அதைச் சுற்றி மாமா செங்கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டினார். கண்ணாடிக் கதவு வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால், உடைந்துபோன ஒரு படச்சட்டத்தின் கண்ணாடியை அளவாக வெட்டி மாட்டினார்கள். முதல் தரம் நெருப்பு மூட்டிப் பத்து நிமிடத்தில் அது 'டக்' என்று நாலாகப் பிளந்தது. இது வேறு கண்ணாடி, அது வேறு கண்ணாடி என்று மாமா நீண்ட விளக்கம் சொன்னார். அப்பா போய் ஒரு தகரத் துண்டை எடுத்து வந்தார்.

புகைக்குழாய்தான் பெரிய வேலை. எங்கள் குசினிக்குத் தென்னோலையில் பின்னின கிடுகுக் கூரை. அதற்குள்ளால் சூடான குழாயை விட்டால் குசினி மட்டுமல்ல, காணியே போய்விடும் என்று அப்பா பயந்தார். மாமா குழாயைச் சுற்றி ஒன்றரை முழத்துக்குக் கிடுகை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்துக்குத் தகரம் போட்டார். முதல் நாலு நாளும் குழாயின் பக்கத்தில் ஏணி வைத்து ஏறி, தகரத்தின் ஓரத்தைக் கையால் தொட்டுச் சூடு பார்த்தார். அந்த வேலையில் மாமாவில் ஒரு குறை சொல்ல முடியாது.

அடுப்புக் கட்டி முடிய மூன்று கிழமையில் இரண்டு கிழமை போய்விட்டது. பிறகு சட்டதிட்டம் வந்தது. மாமா சொல்லச் சொல்ல நான் என் சமூகக்கல்விக் கொப்பியின் பின் ஒற்றையில் எழுதினேன். எனக்குச் சிறுவயதிலிருந்தே சட்டம் என்றால் உயிர். வகுப்பில் கதைத்தவர்களின் பேரை ரீச்சர் கேட்காமலே எழுதிக் கொடுக்கும் பிள்ளை நான்.

விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், தொம்மென்று கேட்டால் அது ஈரம். மண்ணெண்ணெய் ஒரு சொட்டும் விடக்கூடாது. பிளாஸ்டிக் பை போடக்கூடாது. மூட்ட முன்னர் கீழே உள்ள காற்றுவாயையும் குழாயின் கழுத்தில் உள்ள தகட்டையும் முழுதாகத் திறக்க வேண்டும். ஒரு கடதாசியைக் கொளுத்திக் குழாயின் வாய்க்குப் பிடித்து அதை முதலில் சூடாக்கினால்தான் புகை மேலே போகப் பழகும். பெரிய விறகு கீழே, சுள்ளி மேலே, நெருப்பு எல்லாவற்றுக்கும் மேலே. கதவை ஒருபோதும் சடாரென்று திறக்கக்கூடாது. முதலில் ஒரு விரல் அளவு, பிறகு முழுதாக. தணல் இருக்கும்வரை குழாய்த் தகட்டை மூடக்கூடாது, மூடினால் நஞ்சு வீட்டுக்குள் திரும்பும். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில்தான் அள்ள வேண்டும், அதையும் வைக்கோற்போருக்குக் கிட்டக் கொண்டுபோகக்கூடாது. பக்கத்தில் ஒரு வாளி மணல் எப்போதும் இருக்க வேண்டும். சின்னப்பிள்ளைகள் மூன்று எட்டுத் தள்ளி நிற்க வேண்டும்.

இந்தக் கடைசிச் சட்டம் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். "நெருப்பை மேலை வைச்சால் அது எப்பிடி அண்ணை கீழை எரியும்?" என்று மட்டும் கேட்டார். எரியும் என்று மாமா சொன்னார், எரிந்தது. மெழுகுதிரி மாதிரி மேலிருந்து கீழே மெல்ல இறங்கி, ஒரு துளி புகை இல்லாமல். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

"நாளைக்கு நீ தனிய மூட்டி எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தரவேணும். நீ பழகினாப் பிறகுதான் நான் வெளிக்கிடுவன். அரைகுறையா விட்டிட்டுப் போனால் கூரை பத்தியிடும்" என்றார் மாமா.

மறுநாள் அம்மா மூட்டினார். குசினிக்குள் இருந்து வந்த புகையில் அயலிலிருந்த நாய்கள் குரைத்தன. குழாய்த் தகட்டைத் திறக்க மறந்துவிட்டாராம். மாமா ஓடிப்போய்த் திறந்தார். அதற்கடுத்த நாள் காற்றுவாயை மூடிவைத்துவிட்டார். மூன்றாம் நாள் சுள்ளியைக் கீழே வைத்துவிட்டார். நாலாம் நாள் எல்லாம் சரியாக வந்து, பிறகு கதவைச் சடாரென்று திறந்து எல்லோரையும் இரும வைத்தார். நான் கொப்பியும் கையுமாக மூன்று எட்டுத் தள்ளி நின்று ஒவ்வொரு பிழையையும் திகதியோடு எழுதினேன். தெரியாத ஆள் ஒரே பிழையைத்தான் திரும்பத் திரும்பச் செய்யும், ஒவ்வொரு நாளும் புதுப் பிழை விடாது. அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்த எனக்கே அது உறைக்கவில்லை.

எனக்கு அதைவிட எரிச்சல் ஊட்டியது வேறொன்று. பிழை நடந்ததும் மாமா அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து அடுப்பைச் சரிசெய்யத் தொடங்குவார். சரிசெய்யத் தொடங்கினவர்கள் கதைக்கத் தொடங்குவார்கள். ஊரில் இருந்த காலத்தில் மாமா அம்மாவுக்குச் சைக்கிள் பழக்கி, கோயில் கேணிக்குள் கொண்டுபோய் விழுத்தின கதை. வீட்டில் கேட்டபோது நாய் குறுக்கே வந்தது என்று அம்மா பொய் சொல்லி மாமாவை அடியிலிருந்து காப்பாற்றின கதை. அதற்கு நன்றியாக மாமா தன் பங்கு கடலையைக் கொடுத்து, அரைவாசியைத் திரும்பப் பறித்த கதை.

"முழுக்கத் தந்தனான்."

"எங்கை தந்தனீங்கள்? எண்ணி எண்ணித் திரும்ப எடுத்தனீங்கள்."

மாமா வந்த மூன்றாம் நாள் கதைக்க ஒன்றும் இல்லாமல் கோழி பார்த்த இரண்டு பேர், இப்போது புகைக்குள் இருந்து கண்ணீர் வடிய வடியச் சிரித்தார்கள். அடுப்பைப் பார்க்காமல் இப்படிக் கதைத்தால் அது எப்படி எரியும் என்று நான் இரண்டு தரம் நினைவூட்டினேன். என்னை ஒருவரும் கவனிக்கவில்லை.

மாமாவின் விடுமுறை முடிந்தது. அவர் கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய், தொலைபேசிக் கடையிலிருந்து வேலையிடத்துக்கு எடுத்து இன்னும் ஒரு கிழமை கேட்டார். பிறகு மாமிக்கு எடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். "இல்லையப்பா, அடுப்பு இன்னும் சரிவரேல்லை. இவளுக்கு இன்னும் பிடிபடேல்லை, விட்டிட்டு வர ஏலாது" என்று மாமா சொன்னார். அந்தக் கிழமை முடிந்ததும் திரும்பவும் போய் அதையே சொன்னார். இரண்டாம் தரம் மாமியின் குரல் கடைக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

ஒரு நாள் ரீச்சர்மாருக்குக் கூட்டம் என்று பள்ளிக்கூடத்தைப் பத்து மணிக்கே விட்டுவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது மாமாவும் அப்பாவும் வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். குழாயின் மேலே காற்று மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது, புகை இல்லை. குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா இடுப்பில் கையை வைத்தபடி அடுப்பின் முன்னால் நின்றார். ஒரு விறகை எடுத்து மற்றதில் தட்டிப் பார்த்து உள்ளே வைத்தார். கதவை ஒரு விரல் திறந்து, பொறுத்து, பிறகு முழுதாகத் திறந்தார். காற்றுவாயை அரைவாசி மூடினார். மேலே ஒரு வட்டத்தில் ரொட்டி, மறு வட்டத்தில் பருப்பு. மாமா கூட இவ்வளவு வடிவாகச் செய்ததில்லை. தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வேறு இருந்தார்.

திரும்பியவர் என்னைக் கண்டார்.

"மாமாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார். பிறகு முதல் ரொட்டியை எடுத்து, சீனி தூவி, மடித்து என் கையில் தந்தார். "எனக்கு இன்னும் கொஞ்சம் பழகவேணும்."

நான் ரொட்டியைத் தின்றேன். ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. பழகின ஆள் பழகவில்லை என்று சொல்வது பொய்தானே.

அதற்கு அடுத்த நாள் காலை நான் பல் விளக்கக் கிணற்றடிக்குப் போனபோது, விறகு அடுக்கியிருந்த சாய்ப்பில் மாமா நின்றார். அவர் கையில் செம்பு. காய்ந்த பாலை விறகில் எது நல்ல காய்ந்தது என்று தட்டித் தட்டிப் பார்த்துத் தெரிவு செய்தார். தெரிவு செய்த விறகின் மேல் தண்ணீரை ஊற்றினார். ஒரு பக்கம் ஊற்றி, புரட்டி, மற்றப் பக்கமும் ஊற்றினார். சட்டத்தின் முதல் வரியே காய்ந்த விறகு. அதைச் சொன்னவரே நனைக்கிறார். எனக்கு வாயில் இருந்த பற்பொடி தொண்டைக்குள் போய்விட்டது.

"அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றார் மாமா, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

அன்று அம்மா அந்த விறகைக் கையில் எடுத்தார். எடுத்தவர் ஒரு கணம் நின்று, அதை லேசாகத் தூக்கிப் பார்த்து, சிரித்துவிட்டு, அப்படியே அடுப்புக்குள் வைத்தார். குசினி முழுக்கப் புகை. மாமா ஓடி வந்து பக்கத்தில் குந்தினார். கேணிக் கதை திரும்பவும் தொடங்கியது. இந்த முறை கடலை முழுக்கத் தந்ததாக மாமா கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யவும் ஆயத்தமாக இருந்தார்.

இரண்டு பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் நாலு நாள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மாவைப் பார்த்தால் மாமாவின் பொய் வாய் வரைக்கும் வரும். மாமாவைப் பார்த்தால் அம்மாவின் பொய் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பக்கத்து வீட்டு அன்ரி தன் வீட்டாரையும் இன்னும் நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு அடுப்புப் பார்க்க வந்தார். நோர்வே அடுப்பின் புகழ் அதற்குள் குளக்கட்டைத் தாண்டியிருந்தது. அம்மா மூட்டினார். வழக்கம் போலப் புகைந்தது. வந்தவர்கள் சேலைத் தலைப்பாலும் சாரத்து நுனியாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்கள்.

அன்ரி நல்ல மனிசி. ஆனால் பகிடி விடாமல் அவரால் இருக்க ஏலாது. "இத்தினை நாளாச்சு, இன்னும் உனக்கு ஒரு அடுப்பு மூட்டத் தெரியேல்லையோ? என்ரை சின்னவளுக்குக் காட்டியிருந்தால் ஒரு நாளிலை பிடிச்சிருப்பாள்" என்றார். அந்தச் சின்னவள் என் வகுப்பு. கணக்கில் என்னைவிட எப்போதும் குறையப் புள்ளி எடுக்கிறவள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் அம்மாவை ஒன்றும் தெரியாதவர் என்று அவள் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

"எங்கட அம்மாவுக்கு நல்லா மூட்டத் தெரியும்" என்றேன். "மாமாவை விட நல்லாத் தெரியும். மாமா குளிக்கப் போன நேரம் மூட்டி ரொட்டி சுட்டவா, நான் கண்டனான். மாமாதான் விறகிலை தண்ணி ஊத்தினவர். அதையும் கண்டனான்."

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுப்பைப் பார்த்தார்.

"நான் தண்ணி ஊத்தினது உனக்குத் தெரியுமோ பிள்ளை?"

"எத்தினை வருசமா விறகு தூக்கிறன் அண்ணை. ஈர விறகு கையிலை பாரம் காட்டாதோ?"

முதலில் சிரித்தது அப்பா. அவர் சிரிக்கிற ஆளே இல்லை. அவர் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு அன்ரி, பிறகு எல்லோரும். அம்மாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பார்த்து, பார்த்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தார்கள். கேணியில் விழுந்த அன்றைக்கு அவர்கள் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னதற்கு இவ்வளவு பெரிய சந்தோசம் வந்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

"அப்ப மூட்டு பாப்பம்" என்றார் மாமா.

அம்மா புகைந்த விறகை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, புதிதாக விறகு தட்டி எடுத்தார். கடதாசி கொளுத்திக் குழாய்க்குப் பிடித்தார். பெரிய விறகு, சுள்ளி, நெருப்பு. அன்ரியின் சின்னவள் உட்பட எல்லோரும் மூன்று எட்டுத் தள்ளி நின்றோம். ஒரு நூல் புகை வெளியே வரவில்லை. பதினைந்து பேருக்குத் தேநீர் வந்தது, பனங்கட்டியோடு. எல்லோரும் குடித்து, கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போன பிறகும் மாமா தன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அவர் கிளிநொச்சிக்குப் போய்த் தொலைபேசியில் பிளேன் ரிக்கற்றுக்குத் திகதி சொன்னார். மூன்றாம் நாள் கொழும்புக்குப் போக வான் வண்டி வந்து வேலிப் படலையில் நின்றது. அம்மாவும் மாமாவும் சொன்னது ஆறே ஆறு சொல்.

"அடுத்த வருசம் வாறன்."

"ஓம், வாங்கோ அண்ணை."

அடுத்த வருடம் என்பது பரந்தன் சந்தி மாதிரி, பஸ்ஸில் ஏறி இருந்தால் தானாக வந்துவிடும் என்றுதான் அப்போது என் எண்ணம். திறந்த பாதை திறந்தபடியே இருக்கும் என்றும் நினைத்தேன். அடுத்த வருடம் மாமாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அதற்கடுத்த வருடம் கிடைத்தபோது திரும்பவும் சண்டை வந்து பாதை மூடிவிட்டது. அவர்கள் மறுபடி நேரில் கண்டபோது அந்த அடுப்பும் இல்லை, அந்தக் குசினியும் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேரும் இதையெல்லாம் முன்கூட்டியே கணக்குப் போட்டிருப்பார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாதைகள் திறந்து மூடுவதை அவர்கள் என்னைவிடக் கூடக் கண்டவர்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அந்த அடுப்பு இன்னும் ஒரு கிழமையாவது புகைந்திருக்கும்.

வானில் ஏற முன்னர் மாமா என்னைக் கூப்பிட்டு, "உண்மை சொன்ன பிள்ளைக்கு" என்று ஒரு பெரிய சொக்லேட் தந்தார். வான் போய், அம்மா படலையடியிலேயே நெடுநேரம் நின்றார். நான் குசினிப் படியில் இருந்து ஒருவருக்கும் கொடுக்காமல் அதை முழுக்கத் தின்று முடித்தேன்.